செங்கோலும் துலாக்கோலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் சிறிது நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் தயங்கினோம். நாம் புலமை மிக்கவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, புகைவண்டித் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை நிறுத்து ரசீது எழுதி வருகிறோம். “கற்றவர்கள் பேசக் கேட்டாயிற்று, நீங்கள் கண்டதைப் பேசுங்கள்” என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தினார்கள். ஆகவே கண்டதிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் எம் அலுவலகத்திற்கு ஒரு சாக்குமூட்டை எடைக்கு வந்தது. உள்ளே இருப்பது பழைய பித்தளை என்று அனுப்புவோர் எழுதியிருந்தனர். சாக்கின் கிழிசல் வழியே ஒரு குத்துவிளக்கின் தலைப்பகுதி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் அன்னமும் இல்லை, மொட்டும் இல்லை. ஒரு சிறு சிலுவை இருந்தது. எங்கோ ஒரு தேவாலயத்தில் பல்லாண்டுகள் எரிந்த விளக்காக இருக்கவேண்டும். நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ‘பழைய பித்தளை, 42 கிலோ’ என்று எழுதி முத்திரையிட்டோம். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

தமிழில் ‘கோல்’ என்னும் சொல்லுக்குப் பல பணிகள் உண்டு. அரசன் கையில் இருப்பது செங்கோல். வணிகன் கையில் இருப்பது துலாக்கோல். முதியோன் கையில் இருப்பது ஊன்றுகோல். ஆயன் கையில் இருப்பது ஆடு மேய்க்கும் கோல். சமயத் தலைவர் ஏந்தும் கோல், அரசன் கோலின் மதிப்பையும் ஆயன் கோலின் வடிவையும் ஒருங்கே கொண்டது. அக்கோலையும், அதனோடு சேர்ந்த மணி, விளக்கு, குருசு முதலிய உலோகப் பொருள்களையும் பற்றியே இன்று பேச எண்ணினோம். அவற்றைத் துலாக்கோலில் ஏற்றினால் எவற்றை இழக்கிறோம் என்பதே எம் பேச்சின் கருத்து.

எம் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள சிற்றூர்களுள் ஒன்று. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் இருப்புப்பாதை 1979ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்பாதையில் தெற்கு நோக்கிச் செல்வோர்க்குப் பாறசாலையைக் கடந்தால் தமிழ்நாடு. சாலை வழியே செல்வோர்க்குக் களியக்காவிளையே எல்லை. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் சமயப் பதவியைக் குறிக்கும் கோல்கள் எத்தனை வகை என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு உண்டாகும்.

எல்லைக்கு அப்பால் முஞ்சிறையில் ஒரு மடம் உண்டு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் புஷ்பாஞ்சலி செய்யும் துறவியரைத் தரும் மடங்களுள் அதுவும் ஒன்று. துறவியர் கையில் இருப்பது மூங்கில் தண்டம். அதில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டிப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் செல்லும்போது, மன்னரின் உடைவாள் உடன் செல்கிறது. அந்த ஊர்வலம் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயிலை அடைந்து தங்குகிறது. 1750இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையும் வாளையும் பத்மநாபன் திருவடியில் ஒப்படைத்து, அவ்விறைவனின் அடியாராக நின்று ஆண்டார் என்பது வரலாறு. மூங்கில் தண்டமாயினும் மன்னர் வாளாயினும் ஏந்துவோர்க்குச் சொந்தமன்று, அவர்பால் ஒப்படைக்கப்பட்டது.

கிறித்தவத் திருச்சபைகளிலும் அப்படியே. நெய்யாற்றின்கரை லத்தீன் மறைமாவட்டம் 1996இலும், பாறசாலை மலங்கரை மறைமாவட்டம் 2017இலும் ஏற்பட்டன. எல்லைக்குத் தெற்கே மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம் 1996இலும், லத்தீன் முறைக்குக் குழித்துறை 2014இலும் தனித்தனி மறைமாவட்டங்கள் ஆயின. நம் பெரியோர் மேற்றிராணியார் என்று அழைத்த ஆயர்கள், இரு முறையிலும் கோல் ஏந்துவர். லத்தீன் முறையில் அக்கோலின் தலை, ஆட்டைக் கழுத்தில் வளைத்து இழுக்கும் இடையனின் கோல் போலச் சுருண்டிருக்கும். மலங்கரை முறையில் அதனை ‘அம்சவடி’ என்பர். அதன் தலையில் இரு பாம்புகள் ஒன்றையொன்று நோக்கி நிற்க, நடுவே சிலுவை விளங்கும். பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பை அது நினைவூட்டும் என்பர். இரண்டும் ஒரே கத்தோலிக்கத் திருச்சபையின் கோல்கள். கிழக்கு மரபும் மேற்கு மரபும் எம் ஊர்ச் சந்தையில் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. லண்டன் மிஷன் வழிவந்த சபைகளிலோ தொடக்கத்தில் ஆயரும் இல்லை, கோலும் இல்லை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்த பின்னரே அவர்களுக்குப் பேராயரும் அவர்தம் கோலும் வந்தன.

இக்கோலின் வரலாறு நீண்டது. ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரில் 633இல் கூடிய சங்கம், பதவி இழந்த ஆயர் ஒருவர் மீண்டும் பதவி பெறும்போது மோதிரமும் கோலும் திரும்பப் பெறவேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே கோல் பதவியின் அடையாளம் ஆகிவிட்டது என்பது இதனால் விளங்கும். இடைக்கால அறிஞர்கள் அதன் உறுப்புகளுக்குப் பொருள் கூறினர். வளைந்த தலை, வழிதவறியோரை இழுத்துச் சேர்ப்பதற்கு. நேரான நடுப்பகுதி, நிற்போரை ஆள்வதற்கு. கூரிய அடி, சோம்பியிருப்போரைத் தூண்டுவதற்கு என்றனர்.

முற்காலத்தில் மரத்தாலான இக்கோல், காலப்போக்கில் செம்பும் வெள்ளியும் தந்தமும் போர்த்தது. பிரான்சு நாட்டில் லிமோஜ் என்னும் ஊர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்க் கைவினைஞர் செப்புத் தகட்டில் சிறு குழிகள் தோண்டி, வண்ணக் கண்ணாடிப் பொடியை அவற்றில் நிரப்பி, சூளையில் உருக்கி, தேய்த்து மெருகேற்றி, எஞ்சிய செம்புக்குப் பொன்முலாம் பூசினர். கோலின் சுருளுக்குள்ளே மிக்கேல் சம்மனசு நாகத்தைக் குத்துவதையும், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்படுவதையும் சிறு உருவங்களாக அமைத்தனர்.

ஏறத்தாழ 1100ஐ ஒட்டிய காலத்தில் தியோபிலஸ் என்னும் துறவி, கைத்தொழில்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். தூபக்கலசம் வார்ப்பது எப்படி என்று அதில் விளக்குகிறார். மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றவேண்டும் என்பது அவர் கூறும் முறை. சுவாமிமலைச் சிற்பிகளின் வேலையைப் பார்த்தவர்களுக்கும், எம் பக்கத்து மூசாரிகளின் பட்டறையைப் பார்த்தவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றாது. மெழுகும் மண்ணும் நெருப்பும் சமயம் கேட்பதில்லை. கோயில் மணியை வார்த்த அதே கையே மாதா கோயில் மணியையும் வார்த்தது. செம்பு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், வெள்ளீயம் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவும் சேர்ந்தால் வெண்கலம் நன்றாக நாதம் தரும் என்பது இரு நாட்டாரும் அறிந்த கணக்கு.

இப்பொருள்களுக்கு நேர்ந்த கதியை இனிக் காண்போம். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் 1536 முதல் 1540 வரை துறவியர் மடங்களைக் கலைத்தார். மடங்களில் இருந்த பொன், வெள்ளிப் பொருள்களை அரசு அலுவலர்கள் அவுன்சுக் கணக்கில் நிறுத்துக் குறித்துக்கொண்டனர். பெரும்பாலானவை உருக்கப்பட்டன. வின்செஸ்டர் ஆயராக இருந்து 1404இல் மறைந்த விக்கம் வில்லியம் ஏந்திய வெள்ளிக்கோல், அவர் நிறுவிய ஆக்ஸ்போர்டு நியூ கல்லூரியில் இன்றும் இருக்கிறது. ஆனால் அத்தகையவை மிகச் சில. லிமோஜ் ஊர்ச் செப்புக்கோல்கள் பல எஞ்சியதற்கு ஒரு காரணம், செம்பை உருக்கினால் ஆதாயம் குறைவு என்பதே. மற்றொரு காரணம், ஆயர்களோடு கல்லறையில் அவை புதைக்கப்பட்டன என்பது. அக்கணக்குகளை எழுதிய எழுத்தர்களும் எம்மைப் போன்றவர்களே. அவர்கள் எழுதிய அவுன்சுகள் இருக்கின்றன, பொருள்கள் இல்லை.

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. அயர்லாந்தில் லிஸ்மோர் என்னும் ஊரின் கோட்டையில், 1814ஆம் ஆண்டு, அடைக்கப்பட்டிருந்த ஒரு வாசலைத் திறந்தபோது, பழைய ஏட்டுப்பிரதி ஒன்றோடு ஓர் ஆயர்கோல் கிடைத்தது. மரக்கோலின்மேல் வெண்கலம் போர்த்து, வண்ணக் கண்ணாடிக் குமிழ்கள் பதித்தது. அது இப்போது டப்ளின் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இரண்டு பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒன்று, அதைச் செய்வித்த ஆயர் நியால். அவர் 1113இல் மறைந்தார். மற்றொன்று, அதைச் செய்த கம்மியன் நெக்டன். இருவருக்காகவும் மன்றாடுமாறு அவ்வெழுத்து வேண்டுகிறது. ஏந்திய கைக்கும் ஆக்கிய கைக்கும் ஒரே கோலில் ஒரே மதிப்பு! தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து, மும்முறை கடல் கடந்த தொலைவில் இருக்கும் நாம் நெக்டன் என்று அவன் பெயரைச் சொல்ல முடிகிறது. காரணம், எழுத்து இருந்தது, உருக்காமல் விட்டனர்.

அயர்லாந்து வரை போவானேன்? எம் வேணாட்டிலேயே சான்று உண்டு. 849இல் அய்யனடிகள் திருவடிகள் என்னும் வேணாட்டுத் தலைவர், கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு வெட்டித் தந்தார். எழுத்து வட்டெழுத்து, மொழி அக்காலத்து மேலைக்கரைத் தமிழ். சாட்சியாக நின்றவர்கள் அரபு, பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில் கையொப்பமிட்டனர். அவ்வூர் வணிகத்தின் நிறைகோல்களையும் அளவுகளையும் காக்கும் பொறுப்பும் அப்பள்ளிக்கே தரப்பட்டது. துலாக்கோல் பிழைபடாமல் காப்பதற்குத் தகுந்தவர் கடவுளின் வீட்டார் என்று அன்று கருதினர் போலும். அச்செப்பேடுகள் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள சபைகளின் காவலில் இன்றும் இருக்கின்றன.

கினாயித் தோமாவின் பெயரால் மற்றொரு செப்பேடு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது போர்த்துக்கீசியர் கைக்குச் சென்று, பின்னர்க் காணாமற்போயிற்று. ஆயினும் அதில் எழுதியிருந்தது என்ன என்பதை ஓரளவு அறிகிறோம். எப்படி? செம்பு மறைவதற்கு முன் அதைப் படித்து, போர்த்துக்கீசிய மொழியில் பெயர்த்து எழுதி வைத்தவர்கள் இருந்தனர். பொருள் போனாலும், படியெடுத்த எழுத்து பொருளின் உயிரைத் தாங்கி நிற்கும்.

அன்பர்களே! இனி எம் உறக்கம் கெட்ட காரணத்தைச் சொல்கிறோம்.

எம் ஊர்க் கோயிலில் நீண்ட தண்டோடு கூடிய ஒரு பித்தளைக் குருசு இருந்தது. திருவிழாப் பவனியில் எல்லார்க்கும் முன்னே அதுவே செல்லும். தண்டும் குருசும் சேரும் இடத்தில் மாதுளம்பழம் போல ஒரு குமிழ். அக்குமிழைச் சுற்றி எழுத்துகள். 1999ஆம் ஆண்டு, அது வளைந்துவிட்டது, பார்வையாக இல்லை என்று கூறி, நகரத்துக் கடையில் பளபளக்கும் புதிய குருசு வாங்கத் தீர்மானித்தனர். பழையதை எடைக்குப் போட்டு, அத்தொகையைப் புதியதன் விலையில் கழிப்பதாக ஏற்பாடு. அப்போது எமக்கு வயது பத்தொன்பது. குமிழில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லுமாறு எம்மை அழைத்தனர்.

எம்மை ஏன் அழைத்தனர் என்பதையும் சொல்லவேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளம் படித்தனர். அது இயல்பே, அதில் குறை கூற ஒன்றுமில்லை. வீட்டில் தமிழ் பேசுவோர் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிப்போர் அருகினர். எம் தந்தையார் எம்மை எல்லை தாண்டித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதால், அன்று அக்கூட்டத்தில் இளைஞருள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவரே.

படித்தோம். ஓர் ஆசாரியின் பெயர். பெயருக்கு முன் ஓர் ஊரின் பெயர். பின்னர் ‘செய்தது’ என்னும் சொல். அதன்பின் புரியாத ஒரு குறியும், அ, ய என்று தனித்தனி எழுத்துகளும். “யாரோ ஓர் ஆசாரி பெயர்தான், மற்றவை பொருளில்லா எழுத்து” என்று சொல்லிவிட்டோம். அருகில் நின்ற எம் பாட்டி, “எழுத்துக் கெடக்குல்லா மக்களே, ஒரு கடலாசில எழுதி வையி” என்றார்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. நாம் எழுதி வைக்கவில்லை. கடலாசுக்கும் பஞ்சமில்லை, பேனாவும் எம் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று மாலையே குருசு எடைக்குச் சென்றது.

அது பொருளில்லா எழுத்தன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். தமிழ் எண்களில் அ என்பது எட்டு. ய போன்றது பத்து. புரியாத குறி ஆயிரம். அது கொல்லம் ஆண்டு. சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கோயிற்பிள்ளையின் துணையோடு மணிக்கூண்டில் ஏறி, மணியின் விளிம்பைப் பார்த்தோம். அதிலும் அதே குறி, அ, ய, இறுதியில் ச. அதாவது கொல்லம் 1084. கிறித்தவ ஆண்டு 1908-09. மணியில் ‘ஊரார் உபயம்’ என்று மட்டும் உள்ளது. செய்தவர் பெயர் இல்லை. குருசின் ஆண்டு 1904க்கும் 1914க்கும் இடையில் இருக்கவேண்டும் என்று இப்போது கணக்கிட முடிகிறது. ஆனால் அந்த ஆசாரியின் பெயர்? எத்தனையோ இரவுகள் முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்பெயரை இறுதியாகப் படித்த கண் எம் கண். அதை இழந்ததும் நாமே. பாட்டி 2008இல் மறைந்தார்கள். மணியெழுத்தைப் படியெடுத்த செய்தியை அவர்களிடம் சொல்ல இயலாமற் போயிற்று.

ஆகவே இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நாம் எல்லாரும் ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் செல்கிறோம். ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மடம் இருக்கும். அங்கே மணி, விளக்கு, உருளி, கொடிமரம், குருசு, தண்டம் இருக்கும். அவற்றில் எழுத்து உண்டா என்று பாருங்கள். புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து தேயும். பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துக் கைப்பேசியால் படமெடுங்கள். அது தெளிவாகாவிடில், மெல்லிய தாளை அதன்மேல் பொருத்திப் பென்சிலால் இலேசாகத் தேயுங்கள். எழுத்து தானே எழும்பும். தனியெழுத்துகளைப் பொருளற்றவை என்று தள்ளாதீர்கள், எண்களாக இருக்கலாம். கொல்லம் ஆண்டாயின் 824 அல்லது 825 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிட்டும். உயரம், எடை, இருக்குமிடம் ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியை அக்கோயிலாரிடமும் ஒரு படியை நம் சங்கத்திலும் வையுங்கள். புதியது வாங்க வேண்டாம் என்று ஊராரோடு சண்டையிடச் சொல்லவில்லை. பழையது துலாக்கோலில் ஏறுவதற்கு முன் ஒரு தாளில் ஏறட்டும் என்பதே வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் இந்நகரத்தில் பிற மொழிகளைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அ, ஆ கற்பிக்கும்போது தமிழ் எண்களையும் சேர்த்துக் கற்பித்தால், நாளை எவரேனும் ஒரு மணியின் விளிம்பைக் காட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது, மக்களே?” என்று கேட்கும்போது, நாம் சொன்னதுபோலச் சொல்லமாட்டார்கள்.

எடை போடுவது எம் தொழில். அதைக் குறை கூறவில்லை. அது பிழைபடாமல் நடக்கவேண்டும் என்பதற்காகவே அன்று அத்துலாக்கோலைத் தரிசாப்பள்ளியில் வைத்தார்கள். ஆனால் எம் ரசீதில் பொருளின் பெயருக்கு ஒரு கட்டமும், எடைக்கு ஒரு கட்டமும் உண்டு; செய்தவன் பெயருக்குக் கட்டம் இல்லை. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.